கலைச்சொல்: ‘போஸ்ட்’, ‘பூட்’ இரண்டுக்கும் ‘தொடக்கம்’ என்ற ஒரே சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய மேசைக்கணினிகளைப் பழுதுபார்ப்பதற்கான கையேடு ஒன்றின் தமிழ் வரைவு சொல்லில் முட்டி நிற்கிறது. ‘கணினி தொடங்கவில்லை என்றால்’ என்று ஓர் அத்தியாயம். பொத்தானை அழுத்தியும் விசிறி சுழலாத கணினி, விசிறி சுழன்றும் திரை கறுப்பாகவே இருக்கும் கணினி, ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்று வெள்ளை எழுத்தில் நின்றுவிடும் கணினி மூன்றும் அதே தலைப்புக்குள் வந்து விழுகின்றன. மூன்றும் வெவ்வேறு பழுது. படிப்பவர் இரண்டாவது வகையையும் மூன்றாவதையும் ஒன்றாக எண்ணினால், ராம் அட்டையின் விளிம்பில் அழுக்கு படிந்ததற்காக விண்டோஸை மறுபடி நிறுவக் கிளம்பிவிடுவார்.

கணினி எழும்போது தன் வன்பொருளைத் தானே சரிபார்க்கும் கட்டத்தை ‘போஸ்ட்’ என்றே எழுதிவிடலாம் என்றால், தமிழில் அது ஏற்கெனவே அஞ்சல், பதிவு, கம்பம் என்று பல வேலை பார்க்கிறது. அடுத்து இயங்குதளத்தை ஏற்றும் ‘பூட்’ என்பதற்குத் துவக்கம், தொடக்கம் இரண்டும் புழங்குகின்றன. ஆனால் ‘ஸ்டார்ட்’ பட்டியலுக்கும் அதே சொல்தான். சொற்களைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

*

> மூன்றும் வெவ்வேறு பழுது.

சரியாகப் பிடித்தீர்கள். சொல் தேடுமுன் என்ன நடக்கிறது என்பதை வரிசைப்படுத்திவிடுவோம்.

முதலில் மின்சாரம். எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டிக்குச் சுவர் இணைப்பு வந்ததுமே, பொத்தானைத் தொடாமலே, ஊதாக் கம்பியில் 5 வோல்ட் இருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் தாய்ப்பலகை பச்சைக் கம்பியைத் தரையோடு, அதாவது கறுப்புக் கம்பியோடு, இணைக்கும். அதன் பிறகே மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் எழும். ஏற்ற இறக்கம் 5 விழுக்காட்டுக்குள் இருக்கலாம். 12 வோல்ட் கம்பி 11.4-க்குக் கீழே போனால் பெட்டியை மாற்றுங்கள். அளவுகள் நிலைத்ததும் சாம்பல் கம்பி வழியே ‘மின் சரி’ என்ற சைகை போகும். அது வராதவரை செயலி ஒரு கட்டளையைக்கூட நிறைவேற்றாது. பெட்டியைத் தனியே சோதிக்க, பலகையிலிருந்து கழற்றிவிட்டு, பழைய வன்தட்டு ஒன்றைச் சுமையாக மாட்டி, பச்சையையும் ஏதாவது ஒரு கறுப்பையும் கம்பித் துண்டால் இணைத்தால் போதும்.

பழைய கணினிகளில் அதிகம் பார்ப்பது இந்தக் கட்டத்தில்தான்: காலையில் முதல் முறை எழாது, நாலைந்து முறை பொத்தானை அழுத்தினால் எழும். மின்பகு மின்தேக்கிகள் உலர்ந்து உள்தடை ஏறியிருக்கும். சற்றுச் சூடேறினால் அந்தத் தடை குறையும், அதனால்தான் பிறகு எழுகிறது. செயலிக் குழியைச் சுற்றியுள்ள மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறதா, பழுப்பாகக் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். 2000-களின் முதல் பாதியில் வந்த பலகைகளில் இது மிகப் பரவலான நோய். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 பாகை, உள்தடை குறைந்த வகை. சாதாரண வகையைப் போட்டால் சில மாதத்தில் மறுபடி உப்பும்.

அடுத்து, பயாஸ், அதாவது பலகையிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல், வன்பொருளைச் சரிபார்ப்பது. செயலி, நினைவகம், திரை அட்டை, விசைப்பலகை. இங்கே தவறினால் திரை இருட்டு அல்லது பீப் ஒலி. அவார்டு பயாஸில் ஒரு நெடிய ஒலியும் இரு குறுகிய ஒலியும் கேட்டால் திரை அட்டை, ஏ.எம்.ஐ. பயாஸில் எட்டுக் குறுகிய ஒலி என்றால் திரை நினைவகம். பலகையில் ஒலிப்பான் இல்லாவிட்டால் நான்கு ஊசி இணைப்பில் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள், ஒலி இல்லாத அமைதியை வைத்து முடிவெடுக்க வேண்டாம். எல்லா ராமையும் கழற்றிவிட்டு இயக்குங்கள். பீப் அடித்தால் செயலியும் பயாஸும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். பிறகு ஒவ்வொரு அட்டையாக, ஒவ்வொரு குழியாக மாட்டிப் பாருங்கள்.

இது முடிந்த பிறகுதான் வட்டு. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே சொல்லில் அடங்கவே கூடாது.

*

இந்த வரிசையைப் பார்த்ததும் சொல் தானே வருகிறது. கணினி தன்னைத் தானே சோதிக்கிறது: தன் + சோதனை = தற்சோதனை. தற்சார்பு, தற்செயல் போல. ‘தன்சோதனை’ என்று புணராமல் எழுத வேண்டாம்.

மூன்றாம் கட்டத்துக்கு முதலேற்றம். பழைய பயாஸ் வட்டின் முதல் பிரிவை, வெறும் 512 பைட்டை, நினைவகத்தில் ஏற்றுகிறது; கடைசி இரண்டு பைட் 55ஏஏ என்று இருந்தால் கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கிறது. அந்தச் சிறு துண்டு அதைவிடப் பெரியதை ஏற்றும், அது இயங்குதளத்தை ஏற்றும். முதலில் ஏற்றப்படுவது எது என்பதே இங்கு விஷயம். பழைய பயாஸின் இடத்துக்கு யூ.இ.எஃப்.ஐ. வந்த பிறகு பிரிவுக்குப் பதில் ஒரு கோப்பு ஏறுகிறது, ஆனாலும் சொல் பொருந்துகிறது. முதலேற்றி, முதலேற்ற வரிசை, இரட்டை முதலேற்றம் என்று கிளைக்கவும் செய்யும்.

*

> முதலேற்றம்

முதலீடு, முதலாளி என்று பழகிய கண் இதைப் பங்குச்சந்தைச் செய்தியாகப் படிக்காதா, ஐயா? இன்னொன்று: ஹார்டு டிஸ்க்கும் உள்ளுக்குள் தற்சோதனை செய்கிறது, யு.பி.எஸ்.ஸும் செய்கிறது.

*

‘முதலேற்ற வரிசை’ என்று பயாஸ் பக்கத்தில் பார்ப்பவருக்குப் பங்குச்சந்தை நினைவுக்கு வராது. தற்சோதனை பொதுச்சொல்லாகவே இருக்கட்டும். ஐயம் வரும் இடத்தில் ‘வட்டின் தற்சோதனை’, ‘தொடக்கத் தற்சோதனை’ என்று அடை சேர்த்தால் தீரும். நீண்ட சொல்லைத் தலைச்சொல்லாக வைத்தால் பழுதுபார்ப்பவர்கள் ‘போஸ்ட் ஆகலை’ என்பதற்கே திரும்பிவிடுவார்கள். ‘தற்சோதனை தாண்டலை’ என்று வாயில் வருகிறதா என்று சொல்லிப் பாருங்கள், வருகிறது.

*

சொற்களைச் சோதிக்க இதைவிடக் கடினமான ஒரு பழுதைத் தருகிறேன். பலகையில் இருக்கும் சிஆர்2032 மின்கலம், 3 வோல்ட் வில்லை. கணினியின் வயது ஏற ஏற அது இறங்கும். மல்டிமீட்டரில் 2.5 வோல்ட் காட்டினால் மாற்றிவிட வேண்டியதுதான். அது செத்தால் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடும், ‘சிமாஸ் செக்சம் எரர்’ (சேமித்த பயாஸ் அமைப்புகள் கெட்டுவிட்டன) என்று வரும், அமைப்புகள் ஆலை நிலைக்குத் திரும்பும். விண்டோஸ் 7 ஏ.ஹெச்.சி.ஐ. முறையில் நிறுவப்பட்டிருக்க, வட்டோடு பேசும் முறையைச் சொல்லும் சாட்டா அமைப்பு பழைய ஐ.டி.இ. முறைக்கு மாறிவிட்டால், சின்னம் தோன்றிய கொஞ்ச நேரத்தில் 7பி என்ற நீலத்திரை. ராம் நலம், வட்டு நலம், விண்டோஸும் நலம். கடைக்காரர் வட்டை வடிவூட்டினால் (ஃபார்மேட் செய்தால்) அதிலுள்ள படங்கள் எல்லாம் வீணே போகும். மின்கலத்தை மாற்றி, சாட்டா முறையை மறுபடி ஏ.ஹெச்.சி.ஐ. ஆக்கினால் இரண்டு நிமிட வேலை.

இது எந்தக் கட்டம்?

*

முதலேற்றம்தான். தற்சோதனை வட்டைக் கண்டுகொண்டது, முதலேற்றியும் வேலையைத் தொடங்கியது. இயங்குதளத்தின் கரு தன் வட்டை அணுக முடியாமல் நின்றது. காரணம் மின்கலத்தில் இருந்தாலும் தவறிய கட்டம் அதுவே. கையேட்டில் கட்டத்தின் பெயரையும் காரணத்தின் பெயரையும் தனித்தனியே எழுத வேண்டும் என்பதை உங்கள் எடுத்துக்காட்டு நன்றாகக் காட்டுகிறது.

உறக்கத்திலிருந்து மீள்வதைச் சிலர் ‘எழுச்சி’ என்கிறார்கள். அதைத் தொட வேண்டாம். அங்கே முதலேற்றம் இல்லை, நினைவகம் அப்படியே இருக்கிறது. ‘விழிப்பு’ போதும்.

*

நன்றி. வரைவை இப்படி மாற்றியிருக்கிறேன். பொத்தான் முதல் நுழைவுத்திரை வரை மொத்தமும் ‘தொடக்கம்’. அதன் உள்ளே மின்வரவு, தற்சோதனை, முதலேற்றம். பீப் ஒலிகளின் வரிசைக்கு ‘ஒலிக்குறி’ என்று போட்டிருக்கிறேன். அத்தியாயத்தின் முதல் பத்தி:

‘விசிறி சுழலவில்லை என்றால் மின்வரவைப் பாருங்கள். சுழன்றும் திரை இருட்டாக இருந்தால், அல்லது ஒலிக்குறி கேட்டால், தற்சோதனை தாண்டவில்லை. சுவர் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ராமிலிருந்து தொடங்குங்கள். திரையில் எழுத்து வந்தபின் நின்றால் முதலேற்றம் தவறியது. பயாஸுக்குள் போய்த் தேதி, முதலேற்ற வரிசை, சாட்டா முறை மூன்றையும் பார்க்கும்வரை வட்டில் எதையும் அழிக்க வேண்டாம்.’

‘சுவர் இணைப்பைப் பிடுங்கி’ என்பதைத் தடித்த எழுத்தில் போடுகிறேன். அணைத்த கணினியிலும் ஊதாக் கம்பியில் 5 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது ராமைக் கழற்றினால் குழியே கருகலாம்.