ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டதால்தான் பேட்டரி போச்சா? 79-இல் நிற்கிறது

தூக்கம்கெட்டவன்:
போன் வாங்கி இரண்டரை வருஷம். போன வாரம் செட்டிங்ஸில் பேட்டரி ஆரோக்கியம் (புதிதில் இருந்த கொள்ளளவில் இப்போது மிச்சம் எவ்வளவு என்பது) பார்த்தேன், 79 சதவீதம். அதற்கு முன்பே ஒரு சந்தேகம் இருந்தது. 18 சதவீதம் காட்டும்போது கேமராவைத் திறந்தேன், பொசுக்கென்று அணைந்துவிட்டது. சார்ஜரில் செருகி ஆன் செய்தால், ஒன்றுமே நடக்காததுபோல் 16 காட்டுகிறது.

என் பழக்கத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படுக்கும்போது செருகுவேன், காலையில் எழுந்து கழற்றுவேன். போன் தலையணைக்குப் பக்கத்தில், பாதி நாள் போர்வைக்குள்ளே கிடக்கும். பகலில் கார் ஓட்டும் வேலை. கண்ணாடிக்கு முன்னால் ஸ்டாண்டில் போன், மேப் ஓடிக்கொண்டே இருக்கும், சார்ஜும் ஏறிக்கொண்டே இருக்கும்.

அண்ணன் சொல்கிறான், மாதம் ஒருமுறை சுத்தமாக இறக்கிவிட்டு நூறு வரை ஏற்று, சரியாகிவிடும் என்று. கூட வேலை பார்ப்பவர், 20-க்குக் கீழே இறங்கக் கூடாது, 80-ஐத் தாண்டக் கூடாது என்கிறார். ஒரு வாரமாக இரண்டாவதைக் கடைப்பிடிக்கிறேன். ராத்திரி 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஒயரைப் பிடுங்குகிறேன். "பிடுங்க வேண்டியது ஒயரையா, போனையா?" என்று கேட்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி?

வெட்டிப்பேச்சு:
பேட்டரி ஆயுளை நீட்டப் போய் உங்கள் ஆயுளைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். முதலில் அந்த அலாரத்தை அணையுங்கள்.

ஸ்க்ரூடிரைவர்:
பதினோரு வருஷமாகப் போன் பழுது பார்க்கிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது ராத்திரி சார்ஜ் இல்லை. போர்வையும் கார் கண்ணாடியும்தான்.

நூறு ஆனதும் போனே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். "ஏறிக்கொண்டே போய் வெடித்துவிடும்" என்பதெல்லாம் சும்மா. ஆனால் நூறிலேயே மணிக்கணக்கில் நிற்பதும் பேட்டரிக்கு ஆகாது. இப்போதைய போன் பேட்டரி நிறைந்திருக்கும்போது 4.4 வோல்ட் வாக்கில் இருக்கும். அந்த மின்னழுத்தத்தில் உள்ளே வேண்டாத ரசாயன வேலைகள் வேகமாக நடந்து, லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாகப் பயன்படாத படலமாகப் படிந்துவிடும். அதோடு சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். போர்வைக்குள் இரண்டும் சேர்ந்தே நடக்கிறது.

கார் அதைவிட மோசம். வெயில், ஜிபிஎஸ், முழு வெளிச்சத்தில் திரை, மேலே சார்ஜ். ஒருநாள் கவரைக் கழற்றிவிட்டு பின்பக்கம் கேமராவுக்குக் கீழே கையை வைத்துப் பாருங்கள். வைக்க முடியாமல் கையை எடுக்கிறீர்கள் என்றால் பேட்டரியும் வெந்துகொண்டிருக்கிறது. ஸ்டாண்டை ஏசி காற்று வரும் இடத்துக்கு மாற்றுங்கள். நாள் முழுக்கச் செருகி வைக்காமல், தேவைப்படும்போது மட்டும் போடுங்கள்.

18-இல் அணைவது ஏன் என்றால், பேட்டரி பழசாக ஆக அதன் உள்தடை கூடும். கேமரா திறந்ததும் போன் ஒரே இழுப்பில் நிறைய மின்சாரம் கேட்கிறது, அந்தக் கணத்தில் வோல்டேஜ் சரிகிறது, போன் பயந்து அணைகிறது. சரக்கு உள்ளே இருக்கிறது, வெளியே வர வழி குறுகிவிட்டது. அதனால்தான் மறுபடி 16 காட்டுகிறது.

அண்ணன் சொன்னது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பாடம். அவற்றுக்கு "மெமரி" தொந்தரவு உண்டு, அதாவது பாதியில் ஏற்றிக்கொண்டே இருந்தால் கொள்ளளவு குறைந்ததுபோல் ஆகும், முழுசாக இறக்குவதில் அர்த்தம் இருந்தது. 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் வகைக்கு அது பொருந்தாது. முழுக்க இறக்கி ஏற்றினால் சதவீதக் கணக்கு வேண்டுமானால் கொஞ்சம் நேராகும். தேய்ந்தது திரும்பி வராது.

எண்ணிக்கைக்காரன்:
மேலே சொன்னதோடு ஒன்று. "எத்தனை தடவை செருகினேன்" என்று எண்ணாதீர்கள். இன்று 50, நாளை 50 செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுழற்சி. அதனால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதில் தப்பே இல்லை. ஐபோன் 14 வரை 500 சுழற்சி, 15-இலிருந்து 1000 சுழற்சி ஓடிய பிறகும் 80 சதவீதம் கொள்ளளவு இருக்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்கும் போன்களுக்கு 800 சுழற்சி என்று சட்டமே இருக்கிறது. நாள் முழுக்க மேப் ஓட்டுகிற ஆளுக்கு இரண்டரை வருஷத்தில் 79 என்பது அவமானமே இல்லை.

தூக்கம்கெட்டவன்:
கையை வைத்துப் பார்த்தேன். மதியம் ஒரு மணிக்கு, மூன்று விநாடிகூடத் தாங்கவில்லை. ஸ்டாண்டை ஏசிக்கு முன்னால் மாற்றிவிட்டேன்.

செட்டிங்ஸைத் துழாவியதில் சார்ஜை 80-இலேயே நிறுத்தும் ஒரு வசதியும் இருக்கிறது. இத்தனை நாள் அது அங்கேயே இருந்திருக்கிறது, நான்தான் 2 மணிக்கு எழுந்துகொண்டிருந்தேன்! ஆனால் 80 வைத்தால் மாலைக்குள் தீர்ந்துவிடுமே?

ஸ்க்ரூடிரைவர்:
தீர்ந்தால் தீரட்டும், பத்து நிமிஷம் போட்டுக்கொள்ளுங்கள். அடிப்பகுதியில் வேகமாக ஏறும், 80-க்கு மேல்தான் நத்தை மாதிரி நகரும். நெடுந்தூரம் போகும் நாளில் தயங்காமல் நூறு வையுங்கள், கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறையும்படி. மற்ற நாளில் 80 போதும். அது 82 ஆனால், 18-க்கு இறங்கினால் பதறாதீர்கள். பேட்டரிக்காக நீங்கள் இல்லை.

ஒன்றை மட்டும் அவசியம் செய்யுங்கள். இருட்டு அறையில் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். எங்காவது வெளிச்சம் கசிந்தால், அல்லது மேசையில் படுக்க வைக்கும்போது போன் ஆடினால், பேட்டரி உப்பியிருக்கலாம். அப்புறம் சார்ஜே போடக் கூடாது. நீங்களாகக் குத்திக் கிளறவும் கூடாது.

தூக்கம்கெட்டவன்:
பார்த்துவிட்டேன், கசிவு இல்லை. ஆனால் மேசையில் வைத்தால் லேசாக ஆடுகிறது. கேமரா மேடாக இருப்பதாலா, வேறு ஏதாவதா?

ஸ்க்ரூடிரைவர்:
திரையைக் கீழே பார்த்தபடி கவிழ்த்து வையுங்கள். அப்போதும் ஆடினால் நாளைக்கே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தூக்கம்கெட்டவன்:
கவிழ்த்து வைத்தால் ஆடவில்லை. கேமராதான். மனைவியிடமும் சொல்லிவிட்டேன், இன்று அலாரம் இல்லை.