க்ளென் முடிந்த குழந்தைக்கு பெர்லின் ஹார்ட்: ஏன் ரிஸ்க் அதிகம்ங்கிறாங்க?

லெஸ்டர்_அப்பா:
வணக்கம். பையனுக்கு மூணு வயசு. பிறவியிலேயே இதயத்தோட இடது பக்கம் வளரலை. அதுக்குக் கட்டம் கட்டமா செய்ற நார்வுட் (முதல்), க்ளென் (ரெண்டாவது) ரெண்டு ஆபரேஷனும் ஆச்சு. ரத்தத்தைத் தள்ள இருக்கிற ஒரே கீழறையும் (வென்ட்ரிக்கிள்) இப்போ சோர்ந்துபோய், இதயத்துக்குத் தெம்பு குடுக்கிற மில்ரினோன் மருந்து டிரிப்லதான் ஓடுது. மாற்று இதயம் கிடைக்கிற வரைக்கும் பெர்லின் ஹார்ட், அதாவது இதயத்துக்குத் துணையா ரத்தத்தைத் தள்ற பம்ப் மெஷின், வைக்கலாமான்னு டாக்டருங்க யோசிக்கிறாங்க. அதே வார்டுல ஒரு பொண்ணு அந்த மெஷினோட ஜாலியா நடமாடுறா. எங்களுக்கு மட்டும் "ரிஸ்க் ஜாஸ்தி"ங்கிறாங்க. ஏன்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

யாழ்_லண்டன்_அம்மா:
தம்பி, அந்தப் பிள்ளையோட உங்கட மகனை ஒப்பிடாதேங்கோ. அவளுக்குப் பெரும்பாலும் இதயத்தசை வருத்தமாத்தான் இருக்கும், நாலு அறையும் இருக்கும். இடப்பக்கம் பம்ப் பூட்டினா, வலப்பக்கம் நுரையீரலுக்குத் தன்ர பாட்டில அனுப்பும். க்ளென் செய்த பிள்ளைக்கு மேலுடம்பு ரத்தம் பம்ப் ஒண்டும் இல்லாமலே நுரையீரலுக்குள்ள இறங்குது. மெஷின் அதைத் தள்ளாது. நுரையீரல்ல பிரஷர் கூடினா பம்புக்கு ரத்தம் வந்து நிரம்பாது.

எங்கட மகளுக்குத் தொடக்கத்தில இதே கரைச்சல்தான். பம்ப் வயித்துக்கு வெளியில கிடக்கும், கண்ணாடி மாதிரி. உள்ளுக்க இருக்கிற சவ்வு முழுசா விரியாமல் மடிஞ்சு நிக்கிறது எங்களுக்கே தெரியும். நேர்ஸ்மார் டோர்ச் அடிச்சு, வெள்ளை நூல் மாதிரி ஏதும் படிஞ்சிருக்கோ எண்டு பார்ப்பினம். அது கழண்டு மூளைக்குப் போனா ஸ்ட்ரோக். அதுக்காகத்தான் ரத்தம் உறையாத மருந்தும் ஓயாத பிளட் டெஸ்டும். எங்களுக்கு ஒருக்கா பம்பையே மாத்தினவை.

ஆனா எக்மோவில (இதயம், நுரையீரல் ரெண்டின்ர வேலையையும் செய்யிற மெஷின்) கன நாள் வைக்கேலாது. பெர்லின் ஹார்ட்டில மூச்சு டியூப் எடுத்தாப் பிறகு பிள்ளை புட்டு கேட்டாள்! எழும்பி நிண்டாள். மெஷின் பெட்டி பாரம், பற்றரி அரை மணித்தியாலம் மட்டில்தான், பிளே ரூமுக்குப் போறதெண்டாலும் பின்னால ஒராள் தள்ளிக்கொண்டு வர வேணும். இப்ப இலேசான மொடலும் இருக்கு, கேளுங்கோ.

சென்னை_ஐசியூ_நர்ஸ்:
அக்கா சொன்னது சரி. 2014-ல வந்த வட அமெரிக்க ஆய்வுல, பெர்லின் ஹார்ட் வெச்ச ஒற்றை வென்ட்ரிக்கிள் குழந்தைகள் 26 பேர். அதுல 11 பேர் மாற்று அறுவை வரைக்கும் வந்தாங்க, அதாவது 42%. மத்த குழந்தைகள்ல 72%. ஆனா அந்த 26-ஐ ஒண்ணாப் பார்க்காதீங்க: முதல் ஆபரேஷன் மட்டும் ஆனவங்க 9 பேர்ல ஒருத்தர், க்ளென் ஆனவங்க 12 பேர்ல 7. முதல் கட்டத்துல ஒரே பம்ப் உடம்புக்கும் நுரையீரலுக்கும் சேர்த்துத் தள்ளணும், அதான் கஷ்டம். ஆய்வு பழசு, அதுக்கப்புறம் கை தேறியிருக்கு.

டாக்டர்கிட்ட ரெண்டு விஷயம் கட்டாயம் கேளுங்க சார். வால்வு கசியுதா? அடுத்தவங்க திசுவை எதிர்க்கிற ஆன்டிபாடி ரத்தத்துல எவ்வளவு? நார்வுட்ல வெச்ச தானத் திசு ஒட்டாலயும், ஏத்தின ரத்தத்தாலயும் அது ஏறியிருக்கும். ஏறினா பொருந்துற இதயம் கிடைக்க லேட்டாகும்.

லெஸ்டர்_அப்பா:
ஆன்டிபாடி பத்தி யாரும் சொல்லலை, நாளைக்கே கேக்கறேன். அக்கா, எவ்வளவு நாள் காத்திருக்கணும்?

யாழ்_லண்டன்_அம்மா:
மாசக்கணக்கெண்டு நினைச்சுக் கொள்ளுங்கோ. மறுப்புச் சொல்லாட்டி உறுப்புதானத்துக்குச் சம்மதம் எண்டு எடுக்கிற இங்கிலாந்தின்ர 2020 சட்டம் பெரியாக்களுக்குத்தான், சின்னப் பிள்ளையின்ர இதயத்துக்குத் தாய்தகப்பன் சம்மதிக்க வேணும். தாய்தகப்பன் தங்குற அறைக்கு இப்பவே பெயர் குடுங்கோ. வேலையிடத்துக்குக் கடிதம் வார்ட் சோஷல் வேர்க்கர் எழுதித் தருவா.