பிங் போகுது, பிரிண்டர் மட்டும் பட்டியல்ல வரலை: ஐபியை நேரா போட்டா போதுமா?

பெல்லந்தூர்வாசி: ஃபிளாட் ஹால்ல ஃபைபர் பெட்டி (இணைய நிறுவனத்தோட ரௌட்டர்). அதிலிருந்து ஒரு கேபிள் படுக்கையறை ரௌட்டரோட வான் போர்ட்டுக்குப் (வெளி இணையம் நுழையுற துளை) போகுது. விண்டோஸ் 11 டெஸ்க்டாப் இந்த ரௌட்டர்ல, வை-ஃபை பிரிண்டர் ஹால் பெட்டியில, ஐபி முகவரி (வலையில அதோட அடையாள எண்) 192.168.1.37. டெஸ்க்டாப்ல இருந்து பிங் ('இருக்கியா'ன்னு கேட்டுப் பதில் வாங்குற சோதனை) போகுது. ஆனா 'பிரிண்டர் சேர்' தேடல்ல வரவே இல்லை. ஹால் வை-ஃபையில இருக்கிற போன்ல பிரின்ட் ஆகுது.

நேர்வழி: தேடலை விடுங்க ஜி. 'மேனுவலா சேர்' அமுக்கி டிசிபி/ஐபி முகவரி கொடுங்க, போர்ட் 9100 (பிரிண்டர் நேரா பிரின்ட் வாங்குற வாசல் எண்). ரெண்டு நிமிஷ வேலை.

மல்டிகாஸ்ட்மணி: பிரின்ட் வரும். மூணு நாள் கழிச்சு 'ஆஃப்லைன்'னு திரும்ப வருவாரு. கரண்ட் போய் வந்ததும் டிஹெச்சிபி (முகவரி பங்கிடுற சேவை) வேற முகவரி கொடுத்துடலாம். வியாதி வேற இடத்துல: டெஸ்க்டாப்ல ஐபிகான்ஃபிக் (முகவரியைக் காட்டுற கட்டளை) அடிச்சுப் பாருங்க, 192.168.0.ன்னு ஆரம்பிக்கும்னு பந்தயம். ரெண்டு பெட்டி, ரெண்டு வலை. பிரிண்டர் தன்னை அறிவிக்கிறதும் டெஸ்க்டாப் கேக்குறதும் 224.0.0.251ங்கிற மல்டிகாஸ்ட் (வலையில கேக்குற எல்லாருக்கும் ஒரே நேரத்துல போற) முகவரியில, யூடிபி போர்ட் 5353ல. அது ரௌட்டரைத் தாண்டாது, தாண்டக்கூடாதுன்னே வடிவமைச்சது. பிங் யூனிகாஸ்ட் (ஒரே ஒருத்தருக்குப் போறது), ரௌட்டர் உள் முகவரியைத் தன் முகவரியா மாத்தி அனுப்புற என்ஏடி (நாட்) வழியா ஏறிப் போயிடும். அதனாலதான் ஒண்ணு போகுது, இன்னொண்ணு போகலை.

கோரமங்களா_கேபிள்: பிரிண்டர் 2.4, டெஸ்க்டாப் 5 கிகாஹெர்ட்ஸ்ல இருந்தாலும் இப்படித்தான் ஆகும். ரெண்டையும் ஒரே பேண்ட்ல போடுங்க.

மல்டிகாஸ்ட்மணி: இல்லைங்க. ஒரே ரௌட்டரோட ரெண்டு பேண்டும் உள்ளுக்குள்ள ஒரே வலைதான். தடுக்கிறது கெஸ்ட் வை-ஃபை, இல்லைன்னா ஏபி ஐசொலேஷன் (வை-ஃபை சாதனங்களை ஒண்ணோட ஒண்ணு பேச விடாத அமைப்பு).

நேர்வழி: முகவரி மாறுதுன்னா ஹால் பெட்டியில மேக் முகவரியை (பிரிண்டரோட வன்பொருள் எண்) வெச்சு அந்த ஐபியை ரிசர்வ் பண்ணுங்க, முடிஞ்சது. அப்புறமும் 'ஆஃப்லைன்' காட்டினா பிரிண்டர் போர்ட் கான்ஃபிகர்ல எஸ்என்எம்பி (பிரிண்டர் நிலையை விசாரிக்கிற முறை) ஸ்டேட்டஸ் டிக்கை எடுங்க. பாதி பேர் அங்கதான் மாட்டிக்கிறாங்க. இதுக்காக வீட்டு நெட்வொர்க்கையே பிரிச்சுப் போடணுமா?

மல்டிகாஸ்ட்மணி: டிக் விஷயம் சரி, ஒத்துக்கிறேன். ஆனா ரிசர்வேஷன் இருக்கிறது இணைய நிறுவனத்தோட பெட்டிக்குள்ள. லைன் பார்க்க வர்ற தம்பி ரீசெட் அடிச்சா அதுவும் போச்சு. தவிர 9100ல பிரின்ட் மட்டும்தான், ஸ்கேன் கிடையாது. நாளைக்குப் பிரிண்டரைப் படுக்கையறை வலைக்கும் டெஸ்க்டாப்பை ஹாலுக்கும் மாத்தினா பிங்கே போகாது. ஹால் பக்கம் இருந்து என்ஏடியைத் தாண்டி உள்ள நுழைய வழி இல்லை. உங்க வைத்தியம் ஒரு திசைக்குத்தான்.

பெல்லந்தூர், படுக்கையறை ரௌட்டரை ஆக்சஸ் பாயின்ட் (ஏபி) மோடுக்கு மாத்துங்க, அப்ப அது தனி வலை போடாம ஹால் வலையையே நீட்டும். அந்த மோட் இல்லைன்னா வரிசை முக்கியம்: முதல்ல ரௌட்டரோட லேன் (வீட்டு உள்வலை) முகவரியை 192.168.1.2 ஆக்குங்க (ஹால் பெட்டி பங்கிடுற எல்லைக்குள்ள அது இருக்கக்கூடாது). அடுத்து அதோட டிஹெச்சிபியை அணைங்க. கடைசியா கேபிளை வான்ல இருந்து லேன் போர்ட்டுக்கு மாத்துங்க. டிஹெச்சிபியை அணைக்காம கேபிளை மாத்தினா ஒரே வலையில ரெண்டு பேர் முகவரி கொடுப்பாங்க. யாருக்கு எது வரும்னு சொல்ல முடியாது, நெட்டே நிக்கும்.

பெல்லந்தூர்வாசி: மணி சார், ஏபி மோட் போட்டாச்சு. டெஸ்க்டாப் இப்ப 192.168.1.24. இன்னும் பட்டியல்ல வரலையே.

மல்டிகாஸ்ட்மணி: கேட்வே (வெளியே போற வழியா இருக்கிற ரௌட்டர்) மாறினதால விண்டோஸ் இதைப் புது வலைன்னு நினைச்சுக்கும், 'பப்ளிக்'ல போட்டிருக்கும். அமைப்புகள்ல அந்த நெட்வொர்க்கைத் திறந்து 'பிரைவேட்' ஆக்குங்க. ஆபீஸ் விபிஎன் ஓடுதுன்னா அதையும் துண்டிச்சுட்டுத் தேடுங்க, லோக்கல் வலையை மறைக்கிற விபிஎன் உண்டு.

பெல்லந்தூர்வாசி: பிரைவேட் ஆக்கினதும் வந்துடுச்சு. ஸ்கேனும் ஓடுது.

நேர்வழி: மகிழ்ச்சி. ஆனா வை-ஃபையில மல்டிகாஸ்டுக்கு ஒப்புகை கிடையாது, தொலைஞ்சா மறுபடி அனுப்பவும் மாட்டாங்க. ரெண்டு சுவர் தாண்டி இருக்கிற பிரிண்டர் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. யூனிகாஸ்ட்ல அந்தத் தொல்லை குறைவு. எதுக்கும் .37ஐ ரிசர்வ் பண்ணி வெச்சுக்கோங்க.

மல்டிகாஸ்ட்மணி: அது பண்ணலாம். 9100 வேண்டாம்.