சின்க்வே தோர்ரி: ஹாலில் பழகிய இருவருக்கு முதல் வெளிப்பாறை நாள்

தெற்குச்சுவர் கேட்டது:

வணக்கம். செப்டம்பர் முதல் வாரம் நானும் என் தோழியும் இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகளில் இருக்கும் சின்க்வே தோர்ரி பாறைக் கோபுரங்களுக்கு ஏறப் போகிறோம், ஒரு நாள் மட்டும். இருவரும் ஹாலில், அதாவது உள்ளரங்கச் செயற்கைச் சுவரில், 6ஏ கடினத்தில் லீட் (கயிற்றை நாமே மாட்டிக்கொண்டு முதலாவதாக) ஏறுகிறோம். வெளிப்பாறை இருவருக்கும் புதிது. என் எடை 82 கிலோ, அவள் எடை 58. கைவசம் 60 மீட்டர் சிங்கிள் ரோப், 12 குயிக்டிரா (கயிற்றைப் போல்ட்டில் மாட்டும் இரட்டைக் கொக்கி), ஆளுக்கொரு கிரிகிரி (கீழிருந்து கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கருவி), ஹெல்மெட் இருக்கின்றன. போல்ட் அடித்த ஒற்றை பிட்ச் (ஒரு கயிற்று நீளத்தில் முடியும்) ரூட்களில் ஏறலாம், நேரமிருந்தால் பெரிய கோபுரமான தோர்ரே கிராந்தேயில் பல கயிற்று நீளம் போகும் ஒரு மல்டிபிட்ச்சும் பார்க்கலாம் என்று எண்ணம். இந்தச் சாமான் போதுமா? எத்தனை மணிக்குத் தொடங்குவது நல்லது? ரூட் முடியும் இடத்தில் பாறையில் பதித்த உச்சி ஆங்கரில் மூடிய வளையம் மட்டும் இருந்தால் கயிற்றை எப்படி மாற்றுவது?

கயிறுமுடிச்சு:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உயிர் போகிற இடம் அதுதான். ஹாலில் உச்சியில் கொக்கி இருக்கும், கயிற்றை மாட்டிவிட்டு இறங்கிவிடலாம். மூடிய வளையத்தில் கயிற்றை நீங்களே கோக்க வேண்டும்.

ஹார்னஸில் கட்டிய ஸ்லிங்கை (நாடாக் கண்ணி) பூட்டு கேரபினரோடு (திருகிப் பூட்டும் கொக்கி) ஒரு போல்ட்டில் மாட்டுங்கள். அடுத்த போல்ட்டில் ஒரு குயிக்டிரா போட்டு அதையும் பிலே லூப்பில் (ஹார்னஸின் முன்புறக் கண்ணி) இணையுங்கள். இப்போது ஸ்லிங்கில் உட்காரலாம், ஆனால் கீழே பிலே (துணையர் கயிற்றைப் பிடித்துக் காப்பது) அப்படியே தொடர வேண்டும். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தளர்வு கேட்டு வாங்குங்கள். கயிற்றை இரட்டையாக மடித்து அந்த மடிப்பை வளையத்துக்குள் நுழையுங்கள். மறுபக்கம் வந்த மடிப்பில் எட்டு முடிச்சுப் போட்டு, பூட்டு கேரபினரால் பிலே லூப்பில் மாட்டித் திருகிப் பூட்டுங்கள். அதற்குப் பிறகுதான் ஹார்னஸில் கட்டியிருக்கும் பழைய முடிச்சை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்த முனையை வளையம் வழியாக உருவிவிடுங்கள். "எடு" என்று சொல்லி முழு எடையையும் கயிற்றுக்குக் கொடுங்கள். ஸ்லிங் தளர்ந்து தொங்குகிறதா, கயிறு வளையத்துக்குள் ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு ஸ்லிங்கைக் கழற்றுங்கள்.

இந்த முறையில் ஒரு நொடிகூடக் கயிறு உங்களை விட்டுப் பிரியாது, கைதவறிக் கீழே விழுந்துவிடும் என்ற பயமும் இல்லை. வளையம் சிறிதாக இருந்து இரட்டைக் கயிறு நுழையவில்லை என்றால், ஆங்கருக்குக் கீழே உள்ள கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு ஹார்னஸில் மாட்டிக்கொண்டு, பிறகு முனையை அவிழ்த்து வளையத்தில் கோத்து மறுபடி கட்டுங்கள்.

விபத்துகள் பெரும்பாலும் முடிச்சால் வருவதில்லை, பேச்சால் வருகின்றன. மேலே இருப்பவர் பிலேயர் இறக்குவார் என்று சாய்கிறார். கீழே இருப்பவரோ அவர் ராப்பல் செய்து (கயிற்றில் தானே இறங்கி) வருவார் என்று நினைத்துக் கருவியைக் கழற்றிவிட்டிருக்கிறார். அதனால் தரையில் நிற்கும்போதே "நீதான் என்னை இறக்குகிறாய்" என்று பேசி முடிவு செய்யுங்கள். "எடு", "இறக்கு", "தளர்வு" மூன்று சொல் போதும். பக்கத்து ரூட்டிலும் யாராவது கத்துவார்கள், ஆகவே ஒவ்வொரு சொல்லோடும் பெயரைச் சேருங்கள்.

60 மீட்டர் கயிறு 30 மீட்டர் ரூட்டுக்கே கணக்கில் சரியாக வரும், முடிச்சுக்குப் போவதைக் கழித்தால் குறையும். 70 மீட்டர் இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எது இருந்தாலும் கடைசி முனையில் தடுப்பு முடிச்சு கட்டாயம். முனை வழுக்கிப் போனால் கிரிகிரியால் ஒன்றும் செய்ய முடியாது.

பாறைப்பல்லி:

மேலே சொன்னதோடு இடத்தைப் பற்றிச் சில விஷயங்கள். பாய் தெ தோனெஸ் நிறுத்தத்திலிருந்து நாற்காலி லிஃப்ட் ஸ்கோயாத்தோலி குடிலுக்கு ஏறுகிறது, 2,255 மீட்டர். அங்கிருந்து கோபுரங்கள் சில நிமிட நடைதான். முதல் லிஃப்டைப் பிடியுங்கள், கீழே இறங்கும் கடைசி லிஃப்ட் நேரத்தை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அருகிலுள்ள கோர்த்தினா ஊர் 1,224 மீட்டரில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஏழு டிகிரி குறையும் என்று கணக்கிட்டால், ஊரில் 18 டிகிரி என்றால் பாறையடியில் 11, 12தான். நிழல் முகத்தில் காலையில் விரல் மரத்துவிடும். வெயில் முதலில் விழுகிற முகத்தில் தொடங்கி, வெயிலோடு கோபுரத்தைச் சுற்றிப் போவது நல்லது. பிலே செய்பவருக்குத் தடிமனான ஜாக்கெட் வேண்டும், அசையாமல் நிற்பவர் அவர்தான்.

பாறையை முழுதாக நம்பிவிடாதீர்கள். 2004இல் இங்கே தோர்ரே திரெஃபோர் என்ற கோபுரம் முழுசாகவே சரிந்தது. விரிசலில் தண்ணீர் உறைந்து உருகி உறைந்து கல்லைப் பிளக்கும். பெரிய பிடியை இழுப்பதற்கு முன் உள்ளங்கையால் தட்டுங்கள். பொத்தென்று ஒலித்தால் வெளிப்பக்கமாக இழுக்காமல் கீழ்நோக்கி மட்டும் அழுத்துங்கள். பிலே செய்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். ஏறுபவருக்கு நேர் கீழே நிற்காமல் ஒரு எட்டு பக்கவாட்டில் நிற்கட்டும்.

24 கிலோ வித்தியாசம் சின்ன விஷயமில்லை. நீங்கள் விழுந்தால் உங்கள் தோழி முதல் போல்ட் வரை இழுபடுவார், சுவரில் மோதிக் கை கிரிகிரியை விட்டுவிடும் ஆபத்தும் உண்டு. எடல்ரிட் ஓம் போன்ற உராய்வுக் கருவியை முதல் போல்ட்டில் மாட்டுங்கள், இதற்கென்றே செய்தது. அவர் சுவருக்கு ஒரு மீட்டருக்குள் நிற்க வேண்டும். தள்ளி நின்றால் இழுபடும் தூரம் கூடும்.

மின்னலும் இடியும் 30 நொடிக்குள் வந்தால் ஏறுவதை நிறுத்துங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. சுவரடியோ குகைபோன்ற பள்ளமோ அடைக்கலம் ஆகாது, குடிலுக்கு நடந்துவிடுங்கள். செப்டம்பரில் ஆகஸ்டு அளவுக்குப் புயல் இருக்காது, ஆனாலும் முந்தைய இரவு வானிலையைப் பார்த்து மதியத்துக்குள் கடினமான ரூட்களை முடியுங்கள்.

தெற்குச்சுவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஓம் வாங்கிவிடுகிறேன். மல்டிபிட்ச் பற்றி? 6ஏ ஏறுபவருக்கு அங்கே ஐந்தாம் கிரேடு எளிதாக இருக்காதா?

கயிறுமுடிச்சு:

கையால் எளிது, தலைக்குக் கடினம். இந்த முறை வேண்டாம் என்பதே என் கருத்து. தோர்ரே கிராந்தே 2,361 மீட்டர், இறங்குவதற்கு ராப்பல் செய்ய வேண்டும். பழைய ரூட்களில் போல்ட்டுக்குப் பதில் ஆணி அடித்திருக்கும், நடுவில் கேம் (விரிசலில் செருகும் காப்புக் கருவி) வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வியா மிரியம் 1927இல் போட்ட ரூட், அமெரிக்கப் பெண் ஏறுநர் மிரியம் ஓ'பிரையனின் பெயரைத் தாங்கியது. அதை ஐந்தாம் கிரேடு என்று பார்த்துவிட்டுக் கிளம்புபவர்கள் பலர். ஆனால் ஆணிக்கும் ஆணிக்கும் இடையில் ஹால் மாதிரி ஒன்றரை மீட்டர் இருக்காது.

அதற்குத் தேவைப்படுவது வேறு சாமான். 60 மீட்டர் ஹாஃப் ரோப் (ஜோடியாகப் பயன்படுத்தும் மெல்லிய கயிறு) இரண்டு, ஆளுக்கொரு டியூப் (இரண்டு இழையும் ஓடும் பிலே கருவி), 120 சென்டிமீட்டர் ஸ்லிங்கள், ராப்பலில் கயிற்றைச் சுற்றி இறுகிக் காக்கும் 6 மில்லிமீட்டர் புரூசிக் கயிறு. கிரிகிரியில் இரண்டு இழையை ஒரே நேரத்தில் விட முடியாது, ராப்பலுக்கு அது உதவாது. இரண்டாவது ராப்பலில் கயிறு மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று தரையிலேயே ஒத்திகை பார்க்காதவர்கள் அங்கே போகக் கூடாது.

ஒற்றை பிட்ச்சிலும் 6ஏவில் தொடங்காதீர்கள். 4சி, 5ஏ என்று இரண்டு ரூட் ஏறி ஆங்கர் மாற்றுவதைப் பழகுங்கள். பலர் ஏறித் தேய்ந்த கால்பிடிகள் வழவழவென்று இருக்கும், அதைக் கிரேடு சொல்லாது. இத்தாலிய வழிகாட்டி நூல்களில் ரோமன் எண் வந்தால், ஆறு பிளஸ் என்பது ஏறத்தாழ உங்கள் 6ஏ.

பாறைப்பல்லி:

ஒன்று விட்டுப்போயிற்று. ஆல்பைன் கழக உறுப்பினர் அட்டை இருந்தால் அதில் மீட்புக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா பாருங்கள், ஹெலிகாப்டர் வந்தால் செலவு பெரிது. அவசர எண் 112. சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும். ஹெலிகாப்டருக்கு உதவி வேண்டும் என்று காட்ட இரண்டு கையையும் மேலே விரித்துத் தூக்குங்கள்.