டெங்குவால் பாதியில் நின்ற டீப் கிளீனிங்: மீதியை எப்போது செய்வது?

அல்சூர்_பிடிஎஸ்:
என் நோயாளிக்கு வயது 46, சர்க்கரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை. கடைவாய்ப் பற்களில் 5–6 மி.மீ. பாக்கெட் (ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளம்). வலது பக்கம் ரூட் பிளேனிங் (ஈறுக்கு அடியில் வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் டீப் கிளீனிங்) முடிந்து, இடது பக்கத்துக்கு அடுத்த வாரம் தேதி கொடுத்திருந்தது. நடுவில் காய்ச்சல், டெங்கு ரத்தப் பரிசோதனையான என்எஸ்1 பாசிட்டிவ். இன்று ஐந்தாம் நாள், பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) 62,000. சுத்தம் செய்த பக்கத்திலும் துலக்கினால் ரத்தம் வருகிறதாம். ஈறு ஆறவில்லை என்று எடுப்பதா, டெங்கு கணக்கில் சேர்ப்பதா? வீட்டில் ஆன்டிபயாட்டிக் வேறு கேட்கிறார்கள்.

ஈறு_எம்டிஎஸ்:
டாக்டர், முதலில் இது பிசிஷியனுக்குப் போக வேண்டிய சேதி. டெங்குவில் ஈறு ரத்தம் எச்சரிக்கைக் குறி. காய்ச்சல் இறங்கியதும் "சரியாகிவிட்டது" என்று நினைப்பார்கள், ஆனால் அடுத்த ஓரிரு நாள்தான் கண்டம். வயிற்று வலி, விடாத வாந்தி, கருப்பு மலம் எது இருந்தாலும் நேரே எமர்ஜென்சி.

இரு பக்கமும் ஒரே மாதிரி பரவலாகக் கசிந்தால் பெரும்பாலும் பிளேட்லெட்தான். ஒரே பல்லைச் சுற்றி வீங்கி, அழுத்தினால் சீழ் வந்தால் உள்ளே காரை விட்டுப்போயிருக்கலாம். எதுவானாலும் இப்போது புரோப் (பாக்கெட் ஆழம் அளக்கும் கம்பி) வைக்காதீர்கள்.

கசிவு நிற்க, 5 மி.லி. டிரானெக்ஸாமிக் ஆம்பியூல் (500 மி.கி.) உடன் 5 மி.லி. சுத்தமான தண்ணீர் சேர்த்தால் 5 சதவீதக் கரைசல். காஸை அதில் நனைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுநடுவே எடுத்துப் பார்ப்பதும் துப்பிக்கொண்டே இருப்பதும் உறைந்ததைக் கலைத்துவிடும். பயந்துபோய் பிரஷையே ஓரம் வைப்பார்கள், அதில் அழுக்குப் படிந்து ஈறு இன்னும் சிவக்கும். சாஃப்ட் பிரஷ் தொடரட்டும். குளோர்ஹெக்சிடின் (கிருமி கொல்லும் வாய்க்கொப்பளிப்பு) 0.2 சதவீதம், 10 மி.லி., இரு வேளை, ஒரு நிமிடம். பேஸ்டின் நுரைப்பொருள் அதைக் கெடுக்கும், அதனால் துலக்கி அரை மணி கழித்துத்தான்.

வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். நாம் கைப்பழக்கத்தில் எழுதும் பல்வலி மாத்திரைகளில் ஐபுப்ரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ ஒளிந்திருக்கும், அவை ரத்தக் கசிவைக் கூட்டும். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. மெட்ரோனிடசோல் கொடுத்தால் குமட்டலும் சேரும், அப்புறம் வாந்தி மருந்தாலா டெங்குவாலா என்று பிசிஷியன் குழம்புவார்.

இடது பக்கம்: காய்ச்சல் விட்டு இரண்டு வாரம், பிளேட்லெட் ஒரு லட்சம் தாண்டி ஏறுமுகம். பிளேட்லெட் 50,000 இருந்தால் போதும் என்ற கணக்கு அவசர வேலைக்கு. டீப் கிளீனிங்கில் என்ன அவசரம்?

லேப்_டெஸ்க்:
மெஷின் கவுன்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். இடிடிஏ (ரத்தம் உறையாமல் வைக்கும் ரசாயனம்) குழாயில் சிலருக்கு பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெஷின் குறைத்து எண்ணும். ஸ்மியர் (கண்ணாடியில் தடவிய ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில்) பார்க்கச் சொல்லுங்கள். கட்டிகள் தெரிந்தால் சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, அதிலுள்ள திரவத்தால் ரத்தம் நீர்த்திருக்கும் என்பதால் வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும். இவருக்கு என்எஸ்1 பாசிட்டிவ் என்பதால் குறைவு நிஜமாகவே இருக்கலாம், ஆனால் இரண்டு வாரம் கழித்தும் ஏறாமல் நின்றால் இதை ஞாபகம் வையுங்கள்.

சிவாஜிநகர்_ஓரல்மெட்:
ஒரு சேர்க்கை. ஸ்கேலிங் முடிந்த இரண்டு மூன்று நாளில் அண்ணத்திலோ, எலும்போடு ஒட்டிய ஈறிலோ குண்டூசித் தலை அளவுப் புண்கள் கொத்தாக வந்தால், கருவி பட்ட காயம் என்று ஸ்டீராய்டு ஜெல் தடவ வேண்டாம். அது பெரும்பாலும் உடலில் உறங்கிக் கிடந்து கிளறிவிடப்பட்ட ஹெர்பிஸ் வைரஸ். கன்னத்தின் உட்புறத்தில் ஒற்றை வட்டப் புண் என்றால் சாதாரண வாய்ப்புண். உதட்டில் கொப்புளத்தோடு வருபவரைப் பொருக்கு உதிரும்வரை திருப்பி அனுப்புங்கள். அல்ட்ராசானிக் ஸ்கேலிங் கருவி தெளிக்கும் நீரோடு வைரஸ் உங்கள் கண்ணுக்கும் வரும்.

அல்சூர்_பிடிஎஸ்:
நன்றி மேடம். பெங்களூரில் சிக்குன்குனியாவும் கூடவே ஓடுகிறது. அதற்கும் இதே கணக்கா?

ஈறு_எம்டிஎஸ்:
பிளேட்லெட் அந்த அளவு விழுவது அரிது, ஆனால் டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை வலி மாத்திரை விதி அதேதான். அங்கே தொல்லை கையில். விரல் மூட்டு வாரக்கணக்கில் மடங்காது, பல்லிடுக்குக்கான இன்டர்டென்டல் பிரஷைப் பிடிக்கவே முடியாது. பிரஷ் கைப்பிடியில் பழைய துணியைக் கனமாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுங்கள். எலெக்ட்ரிக் பிரஷ் இருந்தால் இன்னும் நல்லது.

இவருக்கு இடது பக்கம் முடிக்கும் அன்றே வலது பக்கத்தையும் ஒருமுறை தொட்டுவிடுங்கள், இடைவெளியில் கிருமிகள் திரும்பியிருக்கும். பாக்கெட் அளவு அன்றிலிருந்து ஆறு வாரம் கழித்து. பழைய தேதியில் எண்ணாதீர்கள்.