பவர் ட்ரேக்கும் இன்ஸ்ட்ருமென்டேஷன் ட்ரேக்கும் நடுவே 150 மி.மீ. போதுமா?

கேள்வி:
வணக்கம். தொழிற்சாலை விரிவாக்கப் பணி ஒன்றில், ஏற்கெனவே உள்ள பைப் ரேக்கின் (குழாய்களைத் தாங்கும் சட்டகம்) மேல்தட்டில் 400 வோல்ட் மோட்டார்களுக்கான பவர் ட்ரேயும் (கேபிள்களைத் தாங்கும் உலோகத் தட்டு) அதன் கீழே அளவீட்டுக் கருவிகளின் சமிக்ஞைக் கேபிள்களுக்கான இன்ஸ்ட்ருமென்டேஷன் ட்ரேயும் சுமார் 120 மீட்டர் இணையாகச் செல்ல வேண்டியுள்ளது. திட்டக் குறிப்பு 300 மி.மீ. இடைவெளி கேட்கிறது, குறுக்கு உத்தரங்களால் 150 மி.மீ.க்கு மேல் கிடைக்கவில்லை. கீழ் ட்ரேயில் 4-20 மில்லி ஆம்பியர் சமிக்ஞைக் கேபிள்களும் கே வகை தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) கேபிள்களும் வருகின்றன. மேல் ட்ரேயின் கேபிள்களில் இரண்டு, வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) மூலம் ஓடும் பம்புகளுக்கானவை. பவர் ட்ரேக்கு மூடி போட்டு இதைச் சமாளிக்கலாமா?

பதில் 1:
பவர் ட்ரேக்கு மூடி வேண்டாம். காற்றோட்டம் குறைந்து கேபிள்கள் சூடாகும், அவற்றின் மின்னோட்டத் திறனையும் குறைத்துக் கணக்கிட வேண்டிவரும். ஐ.இ.சி. 60364-5-52 (மின் நிறுவல்களுக்கான சர்வதேசத் தரநிலை) தரும் குறைப்புக் காரணிகளும் அடுக்கு ட்ரேக்களுக்கு நடுவே 300 மி.மீ. இருப்பதாகக் கொண்டவையே. ஆனால் அது வெப்பத்துக்கான எண்; உங்கள் கீழ் ட்ரேயில் வெப்பம் உண்டாக்கும் கேபிள் இல்லை. எனவே இரும்பு மூடியைக் கீழ் ட்ரேக்குப் போட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் எர்த் தொடர்ச்சி அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினிய மூடி 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தை ஏறக்குறைய அப்படியே கடத்திவிடும்.

மூன்று கட்டக் கடத்திகளும் ஒரே உறைக்குள் இருந்தால் அவற்றின் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை பூச்சியம் என்பதால், தூரம் இரட்டித்தால் புலம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். ஒற்றைக் கோர் (ஒரே கடத்தி உள்ள) கேபிள்களைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தால்தான் கவலை; அவற்றை முக்கோணமாகச் சேர்த்துக் கட்டுங்கள். எஞ்சும் காந்தப் புலத்தை, சமிக்ஞைக் கேபிளின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கும் ஜோடி முறுக்கல் கவனித்துக்கொள்ளும். ஷீல்டு (கேபிளுக்குள் இருக்கும் உலோக உறை) மின்புலத்தைத் தடுக்கும், ஒருமுனையில் மட்டும் எர்த் செய்த ஷீல்டு 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தைத் தடுக்காது. இந்த இரண்டின் வேலையும் வேறு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பதில் 2:
மேலே உள்ள விளக்கம் சாதாரண மோட்டார்களுக்கு முற்றிலும் சரி, ஆனால் எனக்கு உறுத்துவது அந்த இரண்டு வி.எஃப்.டி. கேபிள்கள்தான். அவற்றில் வேகமாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தால் மோட்டாரின் உடல் வழியாக எர்த்துக்குள் கசியும் உயர் அதிர்வெண் மின்னோட்டம், வந்த கேபிளிலேயே திரும்பாமல் ட்ரே, உத்தரம் என்று கிடைத்த வழியில் திரும்புகிறது. அப்போது கூட்டுத்தொகை பூச்சியமில்லை; தூரம் இரட்டித்தால் புலம் பாதிதான் குறையும். ஆகவே 300 மி.மீ. கிடைத்திருந்தாலும் இந்தப் பிரச்சினை தீர்ந்திருக்காது.

கே வகையில் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட்தான் சமிக்ஞை; ஒரு மில்லிவோல்ட் பிழை நுழைந்தால் ஏறத்தாழ 24 டிகிரி தவறாகக் காட்டும். 50 ஹெர்ட்ஸை உள்ளீட்டு கார்டின் வடிகட்டி பெரும்பாலும் நீக்கிவிடும். உயர் அதிர்வெண் உள்ளே போய் நேர்மின்னோட்டப் பிழையாக மாறினால் நீக்க வழியில்லை. பம்புக் கேபிள்கள் ஷீல்டு உள்ளவையா?

கேட்டவர்:
இல்லை, சாதாரண நான்கு கோர் ஆர்மர்டு (உலோகக் கவசமிட்ட) கேபிள்கள். இன்னும் இழுக்கப்படவில்லை.

பதில் 2:
அப்படியானால் நல்ல வாய்ப்பு. சமச்சீர் எர்த் கடத்திகளும் ஷீல்டும் உள்ள வி.எஃப்.டி. கேபிளாக மாற்றி, அந்த ஷீல்டை டிரைவிலும் மோட்டாரிலும் சுற்று முழுவதும் பற்றும் கிளாம்ப் வழியாக இருமுனையிலும் எர்த் செய்யுங்கள். இன்ஸ்ட்ருமென்டேஷன் ஷீல்டுகள் மட்டும் கன்ட்ரோல் ரூம் பக்கத்தில் ஒருமுனையாகவே இருக்கட்டும். முடிந்தால் அந்த இரண்டையும் ரேக்கின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோய், இன்ஸ்ட்ருமென்டேஷன் ட்ரேயைக் கடக்கும் இடத்தில் செங்குத்தாகக் கடக்கச் செய்யுங்கள்.

கேட்டவர்:
மறுபக்கத்தில் ஒரு சிறிய ட்ரேக்கு இடம் இருக்கிறது. வரைபடத்தைத் திருத்தி, கேபிள் வகை மாற்றத்துடன் 150 மி.மீ.க்கான விலக்குக் கோரிக்கையையும் சேர்த்து அனுப்புகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.