ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) துயரம் மரபணு வழியாகப் பேரப்பிள்ளைகளுக்கும் போகுமா?

செங்காந்தள்:
"நாஜி முகாம்களில் பட்ட வேதனை வாரிசுகளின் மரபணுவில் பதிந்துவிட்டது, நிரூபித்துவிட்டார்கள்" என்ற செய்தி மறுபடியும் சுற்றுகிறது. எல்லாரும் காட்டுவது ஒரே நியூயார்க் ஆய்வைத்தான். அது உண்மையில் என்ன சொல்கிறது? உயிர் தப்பியவர்களின் வீடுகளில் அடுத்த தலைமுறைக்கு எது போய்ச் சேர்ந்தது?

அணுக்கரு:
ரேச்சல் யெஹுதா குழுவின் 2016 கட்டுரை அது. தப்பியவர்கள் 32 பேர், அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 22 பேர். ஒப்பிடுவதற்கு எடுத்தவர்களோ பெற்றோர் 8, பிள்ளைகள் 9 மட்டும். எதை அளந்தார்கள்? மன அழுத்த ஹார்மோனோடு தொடர்புடைய எஃப்.கே.பி.பி.5 மரபணுவின் ஓரிடத்தில் ஒட்டியிருக்கும் மெத்தில் குறியை (மரபணு எவ்வளவு வேலை செய்யும் என்பதைப் பாதிக்கும் வேதிக் குறி), இரத்த மாதிரியில். டி.என்.ஏ. எழுத்து மாறியதாக அவர்கள் சொல்லவே இல்லை. ஒப்பீட்டுக் குழுவைவிடப் பெற்றோரிடம் அந்தக் குறி கூடுதல், பிள்ளைகளிடம் குறைவு. இந்த எதிர்த்திசையைப் பகிர்பவர்கள் யாரும் குறிப்பிடுவதில்லை. அந்தப் பிள்ளைகள் அதே பெற்றோரிடம் வளர்ந்தவர்கள் என்பதால், கருவழி வந்ததா வளர்ப்பில் வந்ததா என்று இந்த ஆய்வால் பிரிக்க முடியாது. பேரப்பிள்ளைகளை அவர்கள் சோதிக்கவே இல்லை.

கல்வெட்டு:
அணுக்கரு சொன்னதோடு 2003-இல் வான் ஐஸென்டோர்ன் குழு பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துச் செய்த தொகுப்பாய்வையும் சேர்த்துப் படியுங்கள். ஆய்வுக்கு எடுத்த குழுக்கள் 32, மொத்தம் 4,418 பேர். சிகிச்சைக்கு வராத, சரியாகத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளிடம் பெற்றோரின் பாதிப்பு தொற்றியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வேறு காரணத்தால் ஏற்கெனவே நொந்திருந்தவர்களிடம்தான் தென்பட்டது. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்தால் எல்லாருமே உடைந்தவர்களாகத் தெரிவார்கள்.

வீட்டுக்குள் போனது வேறு. போருக்குப் பின் அகதி முகாம்களிலேயே பலர் மறுமணம் செய்துகொண்டார்கள். கொல்லப்பட்ட முதல் குடும்பத்தைப் பற்றிப் பேச்சே எழாமல் எத்தனையோ பிள்ளைகள் வளர்ந்தார்கள். இறந்தவர் பெயரைக் குழந்தைக்கு வைப்பது அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கம். கொல்லப்பட்ட சித்தியின் பெயரைத் தாங்கும் பெண்ணிடம் அம்மா எதிர்பார்ப்பது ஒரு பிள்ளை தரக்கூடியதைவிட அதிகம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மேற்கு ஜெர்மனியின் 1956 இழப்பீட்டுச் சட்டப்படி உடல்நலப் பாதிப்புக்கு ஓய்வூதியம் பெற, சம்பாதிக்கும் திறனில் குறைந்தது 25% போயிருக்க வேண்டும். கெட்ட கனவும் தூக்கமின்மையும் 'பிறவிக் குணம்' என்று பரிசோதித்த மருத்துவர்கள் பலர் எழுதித் தள்ளினார்கள். அதை எதிர்த்து வாதாடியவர்களில் ஒருவர் மனநல மருத்துவர் நீடர்லாண்ட். 'உயிர்தப்பியோர் நோய்க்குறி' என்று பெயரிட்டவர் அவர்தான். இந்த அநியாயமும் பாதிப்பின் ஒரு பகுதியே.

துளசிமாடம்:
முதுமையைச் சேர்க்கிறேன். தப்பியவருக்கு மறதிநோய் வந்தால் அண்மை நினைவு முதலில் போகும். சிறுவயதும் முகாமும் முன்னுக்கு வரும். பிற்காலத்தில் கற்ற மொழி நழுவி, சிறுவயது மொழியான யிட்டிஷோ (ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழி) போலிஷோ திரும்பலாம். முதியோர் இல்லத்தில் பெரும்பாலும் சிக்கல் வருவது ஷவரில்தான். ஆடை களைய வைத்து, குளிர்ந்த டைல்ஸ் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினால் அவர் கண்ணுக்கு அது முகாமின் விஷவாயு அறையாகத் தெரியாதா என்று யோசியுங்கள். முரண்டு பிடிக்கிறார் என்று தூக்க மருந்தைக் கூட்டுவது தவறு. கதவு திறந்திருக்கட்டும், துண்டை முதலிலேயே கையில் கொடுங்கள், கிண்ணத்தில் வெந்நீர் வைத்துப் பகுதி பகுதியாகத் துடைத்துவிடுங்கள், ஒவ்வொன்றையும் செய்யும் முன் சொல்லுங்கள். இரவில் முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள். வரிசையில் நிற்கவைக்காதீர்கள். முகாமில் பட்டினி கிடந்த பயத்தில் தலையணைக்கடியில் ரொட்டி ஒளித்திருந்தால் அவர் பார்க்கப் பிடுங்காதீர்கள். மூடியுள்ள டப்பா ஒன்று கொடுத்து, பழையதை எடுக்கும்போதே புதியதை வைத்துவிடுங்கள். டப்பா ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது.